வேலை செய்தது, ஆகவே உண்மை

ஞானஸ்நானத்துக்கு முன்னால் நான்கு சனிக்கிழமைகள் வகுப்புக்கு வர வேண்டும் என்று போதகர் சொன்னபோது, இரண்டு போதாதா என்று கேட்டுவிட்டேன். கேட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் காலை மிதித்தாள்.

"வகுப்பு நாலு, தம்பி. இது தத்கால் டிக்கெட் இல்லை," என்றார் போதகர். திருநெல்வேலிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

விஷயம் எளிமையானது. என் காலை மிதித்தவளை நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அவள் அம்மாவுக்கு அந்தக் கல்யாணம் தில்லியில் இதே தமிழ்ச் சபையில், தானும் தன் கணவரும் மாலை மாற்றிக்கொண்ட அதே பீடத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். அந்தச் சபையின் விதிப்படி மாப்பிள்ளையும் ஞானஸ்நானம் பெற்றவனாக இருக்க வேண்டும். ஞானஸ்நானத்தின்போது எல்லோர் முன்னிலையிலும் போதகர் கேட்பார், விசுவாசிக்கிறாயா என்று. விசுவாசிக்கிறேன் என்று நான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஜனவரியில் தேதி பார்த்தாயிற்று.

எனக்கு இதில் தயக்கம் இருந்ததா என்றால், இல்லை. உற்சாகம்தான் இருந்தது. அதற்கு என் வளர்ப்பும் வேலையும் காரணம். கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன் நான். புசா ரோட்டிலுள்ள தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பள்ளியில் எந்தப் பட்டிமன்றம் என்றாலும் என்னைத்தான் மேடையேற்றுவார்கள். எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். எந்தச் சீட்டு வந்தாலும் பத்து நிமிடத்தில் எனக்கு அந்தப் பக்கத்தின்மேல் முழு நம்பிக்கை வந்துவிடும். நடிப்பு இல்லை, நிஜமாகவே வரும்.

இப்போது நொய்டாவில் ஒரு ஷாப்பிங் ஆப் கம்பெனியில் இருக்கிறேன். வாடிக்கையாளர்களின் போனில் வந்து விழுகிற குட்டிக் குட்டிச் செய்திகளை எழுதுவது என் வேலை. ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதுவோம். பாதிப் பேருக்கு ஒன்று போகும், மீதிப் பேருக்கு மற்றொன்று. எதைப் பார்த்து அதிகம் பேர் வாங்குகிறார்களோ அது ஜெயித்தது. ஏன் ஜெயித்தது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. வேலை செய்கிறதா, சரி, அடுத்தது. மூன்று வருடம் இதையே செய்தால் உலகம் முழுவதையும் அப்படிப் பார்க்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

வீட்டிலாவது பெரிய எதிர்ப்பு வரும் என்று எதிர்பார்த்து, பதில்களை வரிசையாகத் தயார் செய்துகொண்டு போனேன். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எந்தச் சாமியா இருந்தா என்னடா, எல்லாம் நல்லதைத்தானே சொல்லுது? பொண்ணு நல்ல பொண்ணு. எனக்கு அது போதும்."

அப்பா மத்திய அரசில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். அவருக்கு வேறு கவலை. "பேரை மாத்தணுமா?"

"வேண்டாம்ப்பா."

"அச்சா. அப்ப சரி. ஆதார்ல பேரை மாத்தறதுக்குள்ள மனுஷன் செத்துடுவான்."

அவ்வளவுதான் எதிர்ப்பு. தயாரித்த பதில்களெல்லாம் வீணாகப் போனதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

அவளை நான் முதலில் பார்த்தது சரோஜினி நகர் மார்க்கெட்டில். குர்தா விற்பவரிடம் அசல் தில்லி ஹிந்தியில் பேரம் பேசிவிட்டு, திரும்பி நின்று, "கொள்ளைக்காரப் பய" என்று தமிழில் முணுமுணுத்தாள். பின்னால் நின்ற நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவள் ஆர்க்கிடெக்ட். தில்லியிலேயே பிறந்தவள், ஆங்கிலப் பள்ளிக்கூடம், தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அவள் அம்மா நாகர்கோவில் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் நர்ஸ் வேலைக்காக இங்கே வந்தவர். கணவர் இறந்தபோது மகளுக்கு ஆறு வயது. பிறகு ஆஸ்பத்திரி, மயூர் விஹாரில் இரண்டு அறை வீடு, ஞாயிற்றுக்கிழமை சபை, வெள்ளிக்கிழமை வீட்டில் ஜெபக்கூட்டம் என்றுதான் அவருடைய இருபது வருடமும் போயிருக்கிறது. அவரை நான் ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவர் என்னை முதல் நாளிலிருந்தே 'மக்களே' என்றுதான் கூப்பிட்டார்.

வகுப்புக்காக வேதத்தைத் தமிழில் வாங்கி, பத்து நாளில் பாதியை முடித்துவிட்டேன். மெட்ரோவில் வாசித்தேன், லிஃப்ட்டுக்கு நிற்கும்போது வாசித்தேன். மலைமேல் உட்கார்ந்து ஆண்டவர் சொன்னவற்றையெல்லாம் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. பகையாளியிடம் அன்பாக இரு. அடுத்தவனை எடை போடுவதற்கு முன் உன்னைப் பார். மன்னிக்கிறதில் கஞ்சத்தனம் பண்ணாதே. இதையெல்லாம் நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு போதனையைச் செய்து பார்ப்பது, பலன் இருந்தால் டிக். இரண்டாம் சனிக்கிழமை அந்த நோட்டைப் பார்த்த போதகர் அசந்துபோனார். "எங்க சபைப் பிள்ளைகள் இதில் பாதி செய்தால்கூடப் போதும்," என்றார்.

முதல் டிக் போட நான் தேர்ந்தெடுத்தது மன்னிப்பு. அதற்குத் தகுந்த ஆள் அலுவலகத்தில், எனக்குப் பக்கத்து இருக்கையிலேயே இருந்தான்.

அவன் சாந்தினி சௌக் பக்கத்து ஜைனப் பையன். கிடங்கில் எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்ற தகவல் அவன் பொறுப்பு. ஜூலையில் நான் ஒரு வரி எழுதினேன்: "இன்னும் இரண்டே இரண்டுதான் மிச்சம்!" எல்லாப் பொருள்களுக்கும் கீழே அது வரும். கிடங்கில் நூற்றுக்கணக்கில் இருக்கும், ஆனால் திரையில் இரண்டுதான் மிச்சம். சோதனையில் அந்த வரி மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கூட்டத்தில் நான் படம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து, "இது பொய்! சுத்தப் பொய்!" என்று இருபது பேருக்கு முன்னால் கத்தினான். அதோடு விடாமல் எனக்கு மேலே இருப்பவருக்கு மெயிலும் போட்டான். அந்த வரியை எடுத்துவிட்டார்கள். நானும் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். ஒரே மேசை, நடுவில் ஒரு பென்சில் டப்பா, இரண்டு மாதத்துக்கு மேல் பேச்சு இல்லை.

மூன்றாம் வகுப்பு முடிந்த திங்கட்கிழமை அவனைக் கீழே டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நாங்கள் ஹிந்தியில்தான் பேசுவோம்.

"உன்னை மன்னிச்சுட்டேன்," என்றேன்.

அவன் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தான். "எதுக்கு பாய்?"

"கத்தினதுக்கு. எனக்கு மேல மெயில் போட்டதுக்கு."

"நிஜமாவா? அடடா!" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துத் தள்ளித் தள்ளி ஒரு பக்கத்தைக் காட்டினான். தாமரைப் படம் ஒன்று. மேலே 'மிச்சாமி துக்கடம்' என்று எழுதியிருந்தது. அவர்களுடைய நோன்பு முடிகிற நாளில், தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளுக்காகத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். வருடாவருடம் எனக்கு அப்படி ஏழெட்டு வரும். தீபாவளி வாழ்த்துப் படங்களைப்போல அதையும் தள்ளிவிட்டுப் போவேன். இதையும் அப்படித்தான் தள்ளியிருக்கிறேன். ஆனால் இந்தப் படத்துக்குக் கீழே அவனே தட்டச்சு செய்த இரண்டு வரிகள் இருந்தன. "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கத்தினது தப்பு. மன்னிச்சிடு பாய்." பக்கத்தில் இரண்டு நீல டிக்.

"ஒரு மாசம் ஆச்சு. நீ பதிலே போடல. பரவாயில்ல, இன்னைக்குப் போட்டுட்டே," என்று முதுகில் தட்டினான்.

"கத்தினதுக்கு மட்டும்தான் மன்னிப்பா? சொன்னதுக்கு?"

"சொன்னதுக்கு எதுக்கு? அது பொய்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். இன்னொரு டீ சொன்னோம். "மன்னிப்புக் கேக்கணும்னு உங்க கடவுள் சொன்னாரா?" என்று கேட்டேன். "உலகத்தைப் படைச்ச கடவுள்னு எங்களுக்கு யாரும் கிடையாது பாய். உலகம் எப்பவும் இருக்கு. நம்ம கர்மத்தை நாமதான் கழுவணும்," என்றான் அவன், அவர்கள் தொடாத வெங்காயம் கச்சோரியில் இருக்கிறதா என்று பிட்டுப் பார்த்துக்கொண்டே. அன்று சாயங்காலம் இந்தக் கதை முழுவதையும் அவளிடம் போனில் சொன்னேன். நான் மன்னிக்கப் போன இடத்தில் எனக்கு முன்னாலேயே அவன் கேட்டு முடித்துவிட்டிருந்த கூத்தைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மயூர் விஹார் வீட்டில் ஜெபக்கூட்டம். சாயங்காலம் ஆறு மணி. சோபா, பிளாஸ்டிக் நாற்காலி, கட்டில் ஓரம் என்று பதினைந்து பேர். பாட்டு, வாசிப்பு, ஜெபம் எல்லாம் முடிந்ததும் சாட்சி சொல்வார்கள். அந்த வாரம் ஆண்டவர் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று யாராவது எழுந்து சொல்வது அங்கே வழக்கம். பரீட்சையில் தேறியதைச் சொல்வார்கள், காய்ச்சல் இறங்கியதைச் சொல்வார்கள், ஊரிலிருந்து நல்ல செய்தி வந்ததைச் சொல்வார்கள். போதகர் என்னைப் பார்த்து, "தம்பி ஏதாவது சொல்லலாமே?" என்றார்.

கேட்க வேண்டுமா! எழுந்தேன்.

அலுவலகத்தில் ஒருவனோடு பகை என்று ஆரம்பித்தேன். பென்சில் டப்பாவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். வேதத்தில் அந்த வரியைப் படித்தபோது நெஞ்சில் குத்தியது. திங்கட்கிழமை போய் மன்னித்துவிட்டேன் என்று அவனிடமே சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம், சேர்ந்து டீ குடித்தோம். இரண்டு மாதப் பாரம் ஒரு கிளாஸ் டீயில் இறங்கியது. "இந்தப் போதனை என்னிடம் வேலை செய்தது. அதனால் இது உண்மை என்று எனக்குத் தெரிந்துவிட்டது," என்று முடித்தேன். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே ஒரு விநாடி நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம்தானே.

"ஸ்தோத்திரம்!" என்றார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் மாமா ஒருவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊரிலிருந்து வந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை எனக்கு மட்டும் நான்கு வைத்தார். "நல்லா இரி மக்களே," என்றார்.

அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மெட்ரோ நிலையம்வரை கூட வந்தாள். அக்டோபர் புகைமூட்டத்தில் இருவரும் முகமூடி போட்டிருந்தோம். பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அந்த மெசேஜை எங்க விட்டே?"

"எந்த மெசேஜ்?"

"ஆக்டிங் பண்ணாத. அவன் உனக்கு முன்னாடியே மன்னிப்புக் கேட்டானே, அந்தத் தாமரை. அதை ஏன் சொல்லல?"

"நேரமாயிடும்னு…"

"பென்சில் டப்பாவுக்கு நேரம் இருந்துச்சு."

பதில் தேடினேன். கதையின் ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை என்றேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்றேன். அது அவளுக்கும் தெரியும். அதுதான் அவளைக் கோபப்படுத்தியது.

"அதைச் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? நீ செய்ததையே அவனும் செய்தான். அவனோட மதம் சொல்லிச் செய்தான். அவனுக்கும் பாரம் இறங்குச்சு. அப்ப உன் கணக்குப்படி அதுவும் உண்மை. படைச்ச கடவுளே இல்லைன்னு சொல்றதும் உண்மை, இருக்கார்னு நாங்க சொல்றதும் உண்மை. ரெண்டும் எப்படி உண்மையாகும், சொல்லு?"

"ரெண்டுலயும் நல்லது இருக்குன்னு…"

"நல்லது இருக்கான்னு நான் கேக்கவே இல்லையே." ஒரு ரிக்‌ஷாவுக்கு வழி விட்டு ஒதுங்கி நின்றாள். "நீ ஜூலைல ஒரு லைன் எழுதினே. ரெண்டுதான் மிச்சம்னு. அது வேலை செய்துச்சா?"

"செமையா."

"அப்புறம் ஏன் எடுத்தாங்க?"

"ஏன்னா அது…"

அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஒருவர் என்மேல் மோதிவிட்டு, ஹிந்தியில் ஏதோ திட்டிக்கொண்டு போனார்.

"நான் சண்டைக்குச் சொல்லல," என்றாள், கொஞ்சம் இறங்கி. "ஆண்டவர் செத்து மூணாம் நாள் எழுந்தார்னு நான் நம்பறேன். அது நடந்திருக்கணும், இல்லாட்டி நடந்திருக்கக் கூடாது. நடக்கலைன்னா நான் இத்தனை வருஷம் பாடினது எல்லாம் தப்பு. எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயம். நீ வந்து, நல்லா யூஸ்ஃபுல்லா இருக்கு, எடுத்துக்கறேன்னு சொல்றே. நீ நம்பாம இருந்தா என்னால உன்கூட வாழ முடியும். நம்பற மாதிரி அந்த இடத்துல நின்னு சொன்னா, முடியாது."

"உங்க அம்மா?"

அவள் முகமூடியை மூக்குக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள். அங்கேதான் சிக்கல் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த எட்டு நாளும் நொய்டாவுக்குப் போய் வருகிற மெட்ரோவில் வேதத்தை மூடியே வைத்திருந்தேன். முதலில் அவளை மடக்க வழி தேடினேன். பழக்கம் விடுமா? எல்லா மதத்திலும் சாரம் ஒன்றுதான் என்று ஆரம்பிக்கிற அருமையான ஒரு பேச்சு மனத்தில் திரண்டுவந்தது. அதை எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பேச்சில் எந்த மதத்துக்காரரும் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்கவே இல்லை. ஒருவர் ஓடி வந்து, எங்கள் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்கிறார். நான் அவரிடம், எவ்வளவு உணர்ச்சியோடு சொல்கிறீர்கள், என் மனம் இளகிவிட்டது என்று பாராட்டிவிட்டு நகர்கிறேன். தீ இருக்கிறதா என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

இன்னொன்றும் புரிந்தது. அது ஒரு வகையில் ஆறுதல். மன்னிப்பு நல்லது என்பதற்கு எனக்கு யாருடைய உத்தரவாதமும் தேவைப்படவில்லை. டீக்கடையில் அதை நானே பார்த்தேன். எந்த மதம் உண்மை என்று முடிவாகும்வரை அது காத்திருக்கவில்லை. போதனைகள் நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவற்றைச் சொன்னவர் எழுந்தாரா என்பது வேறு கேள்வி. அதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு விசுவாசிக்கிறேன் என்று பதில் சொல்லக் கிளம்பியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் போகாததால் தள்ளிப்போன கடைசி வகுப்புக்கு அவளோடு போனேன். போதகர் ஞானஸ்நான ஒழுங்கை விளக்க ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிட்டேன். தாமரைப் படத்தைப் பற்றியும் சொன்னேன். "இதெல்லாம் நல்லதுன்னு எனக்குத் தெரியும் ஐயா. உண்மையான்னு தெரியலை. தெரியும்னு சொல்ல வந்தேன், முடியலை."

அவர் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

"நீ அன்னைக்குச் சொன்ன சாட்சியை ஞாயித்துக்கிழமை சபையில் சொல்லச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார். "எனக்கும் அது போதும்னுதான் பட்டுது. அதுதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு." டைரியைத் திறந்து ஜனவரிப் பக்கத்தில் எங்கள் தேதியை அடித்தார். "தெரியலைன்னு நீ சொன்ன பிறகு நான் ஞானஸ்நானம் குடுக்க முடியாது தம்பி. அம்மாகிட்ட யாரு சொல்லப் போறீங்க?"

"நான்," என்றேன்.

ஆன்ட்டி அன்று மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வெள்ளை யூனிபார்ம், கையில் சாப்பாட்டுப் பை. நின்றுகொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு வார்த்தைல்லா மக்களே. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா தீந்துது. ஆருக்குத் தெரியப் போவுது?"

"இவளுக்குத் தெரியும் ஆன்ட்டி."

"இவ கெடக்கா!" மகளைப் பார்க்காமலே சொன்னார். "நீயாக்கும் இவனுக்கு இதெல்லாம் ஓதிக் குடுத்தது. எனக்குத் தெரியாதா? நான் கல்யாணத்துக்கு அந்தச் சபைப் படியில ஏறிப் போனவளாக்கும். அதே படியில உனக்க அப்பாவப் பெட்டியில வச்சு எறக்கவும் செய்தேன். திரும்ப ஒரு நல்ல காரியத்துக்கு ஏறணும்னு நெனச்சது தப்பா?"

அவள் அழ ஆரம்பித்தாள். ஆன்ட்டி அழவில்லை. மணியைப் பார்த்து, பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். படியில் அவர் இறங்குகிற சத்தம் மூன்று மாடியும் கேட்டது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆன்ட்டி என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் நான் போகவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். அப்பா படிவத்தைப் பிரிண்ட் எடுத்துத் தன் கையெழுத்தில் பாதி நிரப்பியும் வைத்துவிட்டார். ஆனால் ஆன்ட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கொடுக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அவள் தினமும் ஒரே செய்திதான் அனுப்புவாள்: "அம்மா இன்னும் பேசல." ஒரு நாள் எனக்கே தோன்றியது, என் வறட்டு நேர்மைக்கு இந்த அம்மா விலை கொடுக்க வேண்டுமா என்று. சொல்லிவிட்டால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்களே. வேலை செய்யுமே. நினைத்த உடனேயே அது எந்தக் குரல் என்று தெரிந்தது.

நான்காவது வாரம், அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து அவரே கூப்பிட்டார். பின்னால் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற சத்தம்.

"மக்களே, சாப்ட்டியா?"

"சாப்பிட்டேன் ஆன்ட்டி." சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொல்லுதேன், கேளு. வார்டுல ஆளுவ கேப்பாவ, சிஸ்டர் நான் பொழச்சுக்கிடுவேனான்னு. ஆமான்னு சொன்னா போதும், நிம்மதியா கண்ண மூடுவாவ. எனக்கு உறுதியாத் தெரியாம ஒரு நாளும் அப்பிடிச் சொன்னது கெடையாது. பக்கத்துல நிப்பேன், கையப் பிடிச்சுக்கிடுவேன், அவ்வளவுதான். நேத்து ஒரு பெரியவரு கேட்டாரு. அவரு கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போ உன் நெனப்பு வந்துது." ஸ்ட்ரெச்சர் சத்தம் தள்ளிப் போய்த் தேய்ந்தது. "உங்கிட்ட நான் பொய் சொல்லச் சொன்னேம்லா. அத மனசுல வச்சுக்கிடாண்டாம்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். "ஐயோ ஆன்ட்டி," என்று மட்டும் வந்தது.

"அழாத. ஆபீசுல இருக்கல்லா. எனக்கு வருத்தம் போவல, பாத்துக்க. போவவும் செய்யாது. ஆனா கல்யாணத்த நிப்பாட்டாண்டாம். ரிஜிஸ்டர் ஆபீசுல நோட்டீஸ் குடுத்தாச்சா?"

"இல்ல, நீங்க சொல்லாம…"

"கொள்ளாம், நல்லாருக்கு! முப்பது நாளு அது போர்டுல தொங்கணுமாமே, இவ சொன்னா. ஜல்தி குடுங்க. பெறகு, வெள்ளிக்கிழம ஏன் வரல?"

"வரலாமா?"

"வாசிக்கதுக்கு ஆளு வேணும்லா. இவ எழுத்துக் கூட்டி வாசிக்கதக் கேட்டா ஆண்டவருக்கே பொறுக்காது."

திங்கட்கிழமை நோட்டீஸ் கொடுத்தோம். பலகையில் எங்கள் புகைப்படங்களை ஒட்டிய எழுத்தர், இரண்டு பேரும் தமிழா, கோவிலில் முடிக்காமல் இதற்கு ஏன் இங்கே வந்தீர்கள் என்று ஹிந்தியில் ஆச்சரியப்பட்டார். ஆன்ட்டி அன்று மாலையே ஒரு மாம்பழக் கலர் பட்டுப்புடவையின் படத்தை எனக்கு அனுப்பி, ரிஜிஸ்டர் ஆபீசுக்கு இது அதிகமா என்று கேட்டார். அதிகம் இல்லை என்றேன். உறுதியாகத் தெரிந்தே சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் போனபோது அறையில் கொஞ்சம் பேச்சு குறைந்தது. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரயில்வே மாமா கை குலுக்கவில்லை, தலையை மட்டும் அசைத்தார். ஆன்ட்டி புத்தகத்தை என் கையில் கொடுத்து, பக்கத்தையும் அவரே எடுத்துத் தந்தார். கல்லறைக் கல் புரண்டு கிடந்த பகுதி. அதிகாலையில் பெண்கள் போகிறார்கள், உள்ளே உடல் இல்லை, பயந்து ஓடி வருகிறார்கள். குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தேன். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றேன். "இது நிஜமா நடந்ததுன்னு உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?"

அவள் நாற்காலியை என் பக்கமாக நகர்த்திப் போட்டாள்.

"அது எப்படின்னா…" என்று ரயில்வே மாமா தொண்டையைச் செருமினார். "பொய்யா ஜோடிக்கிறவன் அந்தக் காலத்தில் பொம்பளைங்களைச் சாட்சியா வைப்பானா? அவங்க பேச்சு எடுபடாத காலம். அங்கேருந்துதான் நான் ஆரம்பிப்பேன்."

"அது மட்டும் எப்படிப் போதும் அண்ணாச்சி?" என்றார் கட்டில் ஓரத்திலிருந்த ஒரு டீச்சர். "நடந்ததை நடந்தபடி எழுதினாங்கன்னு வச்சாலும், அவங்க பார்த்தது சரியான்னு கேட்பாரே தம்பி. நானே காலேஜ்ல படிக்கும்போது கேட்டிருக்கேன்."

"நீ கேட்டியா? எப்ப?" என்று திரும்பினார் அவர் கணவர். அவருக்கு இது புதுச் செய்தி போலிருந்தது.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். போதகர் தாமதமாக உள்ளே வந்து, என்ன சண்டை என்று புரியாமல் வாசலிலேயே நின்றார். ஆன்ட்டி டீத் தட்டை யாருக்கும் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தில் பாதிப் பேச்சு என் காதில் விழவில்லை. நான் எழுந்து ரயில்வே மாமாவுக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன்.

"மாமா, முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றேன்.